பேசாமல் இருக்க வாய் திறக்கணுமாம்!

"நீ மவுனமாக இருக்க உரிமை உண்டு. நீ சொல்வதெல்லாம் கோர்ட்டில் உனக்கு எதிராகப் பயன்படுத்தப்படலாம்..." ஹாலிவுட் படம் பார்க்கிற எல்லோருக்கும் மனப்பாடமான வசனம் இது. 1966-ல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. காவலில் வைத்து விசாரிக்கும் முன் போலீஸ் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது? பேசாமல் இருந்தால் போதும் என்றுதானே நினைப்பீர்கள்? போதாதாம்! 2010 ஜூனில் தாம்ப்கின்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மிச்சிகனில் 2000-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்துபோனார். பிடிபட்டவரிடம் எச்சரிக்கையைப் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். போட மறுத்துவிட்டார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. 2 மணி 45 நிமிடம், ஒன்றிரண்டு வார்த்தை தவிர, மனிதர் வாயே திறக்கவில்லை. கடைசியில் போலீஸ்காரர் ரூட்டை மாற்றினார். கடவுளை நம்புகிறாயா? ஆமாம். பிரார்த்தனை செய்வாயா? ஆமாம். அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிக்கச் சொல்லி வேண்டிக்கொள்கிறாயா? ஆமாம். இந்த "ஆமாம்" கோர்ட்டில் சாட்சியமானது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.

உச்ச நீதிமன்றத்தில் 5-4. உரிமை வேண்டுமானால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், எச்சரிக்கை புரிந்தபின் தானாகப் பதில் சொன்னால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகத்தான் அர்த்தம் என்று எழுதினார் நீதிபதி கென்னடி. இது மிராண்டா தீர்ப்பையே தலைகீழாக்குகிறது என்றார் எதிர்த்தரப்பில் நீதிபதி சோட்டோமேயர். அவர் சொன்னதுதான் சரி.

பி.காம். பிசினஸ் லா புத்தகத்தில் ஒரு குதிரை வழக்கு வரும். ஃபெல்ட்ஹவுஸ், 1862. "பதில் வராவிட்டால் குதிரை எனக்குத்தான்" என்று ஒருவர் தன் சகோதரர் மகனுக்குக் கடிதம் எழுதினார். செல்லாது, மவுனம் சம்மதம் ஆகாது என்றது இங்கிலாந்து கோர்ட். முப்பது சொச்சம் பவுண்டு குதிரைக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஆயுள் முழுக்க ஜெயிலுக்குப் போகிறவனின் மவுனத்துக்குக் கிடையாதா?

"கொலைகாரனுக்கு இவ்வளவு வக்காலத்தா?" என்று கேட்பார்கள். தீர்ப்பு அந்த ஆளோடு முடியவில்லையே! நாளை அதே நாற்காலியில் ஒன்றும் செய்யாதவனும் உட்காருவான். மிரண்டுபோய் ஊமையாக இருக்கிறவனுக்கு "என் உரிமையைப் பயன்படுத்துகிறேன்" என்று சட்டப் பாஷையில் பேசத் தெரியுமா?

மனசைப் போலீஸ் எப்படிப் படிக்கும் என்பது கென்னடி பக்கத்து வாதம். நியாயம்தான். ஆனால் எச்சரிக்கையைப் படித்த கையோடு "பேச விருப்பமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கத் தேவையில்லை, நேரே விசாரணையை ஆரம்பிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.