பூல் போட்டியில் 'ஃபவுல்' சண்டை: ஷாட் அடித்த பிறகு கேட்டால் ஏன் பதில் கிடைப்பதில்லை?

வெள்ளைப் பந்துக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இடைவெளி இல்லை. ஆட்டக்காரர் கியூவை நேராகக் குத்துகிறார். இரண்டு பந்துகளும் சேர்ந்தே முன்னால் ஓடுகின்றன. "டபுள் ஹிட், ஃபவுல்!" என்கிறார் எதிராளி. "ஒரே தட்டுதான்" என்கிறார் அடித்தவர். ரெஃப்ரி இல்லை. சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு பக்கம்.

ஆபீஸ் டோர்னமென்ட்டிலோ, வீக்கெண்டில் ஒரு பூல் பார்லரிலோ ஆடியிருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. யாரோ ஒருத்தர் பொய் சொல்றார் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. இருவரும் தாங்கள் நம்புவதைத்தான் சொல்கிறார்கள். எந்த விதி, யார் தீர்ப்பு சொல்வது என்ற இரண்டும் ஆட்டம் தொடங்கும் முன் முடிவாகவில்லை என்பதே பிரச்னை.

ஒரே மேசை, பல சட்டங்கள்

இந்தியாவில் பூலுக்கும் ஸ்னூக்கருக்கும் ஒரே சம்மேளனம்தான்: பிஎஸ்எஃப்ஐ எனப்படும் இந்திய பில்லியர்ட்ஸ் மற்றும் ஸ்னூக்கர் சம்மேளனம். பல கிளப்களில் இரண்டு மேசைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. அதனால் பழக்கங்களும் கலந்துவிடுகின்றன.

ஃபவுலுக்கு என்ன தண்டனை? ஸ்னூக்கரில் எதிராளிக்குக் குறைந்தது 4, அதிகபட்சம் 7 புள்ளிகள். வெள்ளைப் பந்து பொதுவாக நின்ற இடத்திலேயே இருக்கும். பிரிட்டன் பப்களில் பழகிய பூல் முறையில் எதிராளிக்கு இரண்டு ஷாட். டபிள்யூபிஏ எனப்படும் உலக பூல் அமைப்பின் 8-பால், 9-பால் விதிகளிலோ 'பால் இன் ஹேண்ட்': பொதுவாக வெள்ளைப் பந்தை மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம்.

பிரேக்கிலேயே 8-ஆம் நம்பர் பந்து பாக்கெட்டில் விழுந்தால்? டபிள்யூபிஏ விதிப்படி வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பிரேக் செய்தவர் 8-ஐத் திரும்ப மேசையில் வைக்கச் சொல்லி ஆட்டத்தைத் தொடரலாம், அல்லது மறுபடி பிரேக் செய்யலாம். அமெரிக்காவின் பெரிய அமெச்சூர் லீக்கான ஏபிஏவில், வெள்ளைப் பந்து உள்ளே போகாதவரை அதே ஷாட் வெற்றி! இரண்டு பேரும் யூடியூப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள், வேற வேற வீடியோ.

இன்னொரு குழப்பம்: சட்டைக் கை பட்டு ஒரு பந்து நகர்ந்தால் ஃபவுலா? ரெஃப்ரி பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் எந்தப் பந்தைத் தொட்டாலும் ஃபவுல். ரெஃப்ரி இல்லாத பல போட்டிகளில் வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டுமே ஃபவுல் என்று வைத்துக்கொள்வார்கள். மற்ற பந்து தெரியாமல் நகர்ந்தால், அதைப் பழைய இடத்தில் வைப்பதா, அப்படியே விடுவதா என்பது எதிராளியின் விருப்பம். இரண்டுமே செல்லுபடியாகும் முறைகள். இன்றைக்கு எது என்று அறிவிக்காததுதான் தப்பு.

கண்ணுக்கும் தெரியாது, போனுக்கும் தெரியாது

"வீடியோ எடுத்தால் தெரிஞ்சிடுமே?" என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

கியூ நுனி பந்தைத் தொட்டிருக்கும் நேரம் சுமார் 1 முதல் 2 மில்லி நொடி. இடைவெளி 5 மி.மீ., வெள்ளைப் பந்தின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால், அது அடுத்த பந்தை அடைய 2.5 மில்லி நொடி போதும். சாதாரண 30 ஃப்ரேம் வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் 33 மில்லி நொடி. போனின் 240 ஃப்ரேம் ஸ்லோ-மோவில்கூட 4 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேல். முதல் தட்டு, மோதல் இரண்டும் அந்த இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிடலாம்.

அதனால் அனுபவமுள்ள ரெஃப்ரி தட்டை மட்டும் நம்புவதில்லை, பந்துகள் போகும் விதத்தையும் பார்க்கிறார். ஒரே எடையுள்ள இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதினால், முதல் பந்தின் வேகம் கிட்டத்தட்ட முழுவதும் இரண்டாவதற்குப் போய்விடும். வெள்ளைப் பந்து அங்கேயே நிற்க வேண்டும், அல்லது சுழற்சி இருந்தால் ஒரு கணம் தயங்கி மெதுவாக நகர வேண்டும். அடிபட்ட பந்துக்கு இணையான வேகத்தில் அதுவும் ஓடினால், கியூ இரண்டாம் முறை தள்ளியிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேயும் ஒரு திருப்பம் உண்டு. இரண்டு பந்துகளும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால், டபிள்யூபிஏ விதிப்படி அந்தப் பந்தை நோக்கி அடிப்பது சரி. ஸ்னூக்கரில் அதே நிலையில் ஒட்டியிருக்கும் பந்தை அசைக்காமல் விலக்கி ஆட வேண்டும், அசைத்தால் ஃபவுல். ஆக, 1 மி.மீ. இடைவெளி இருந்ததா இல்லையா என்பதே தீர்ப்பை மாற்றிவிடும். அதை ஷாட்டுக்கு முன் பார்த்தால்தான் உண்டு. பிறகு பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.

விதிகள் சொல்வது: முன்னாடியே சொல்லிடுங்க

உலக விதிகளைக் கவனமாகப் படித்தால் ஒரே யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. பந்து குஷனோடு ஒட்டியிருக்கிறது என்றால் ஷாட்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் ஒட்டவில்லை என்றே கணக்கு. 9-பாலில் ஒரே ரேக்கில் தொடர்ந்து 3 ஃபவுல் செய்தால் ரேக் போய்விடும். ஆனால் 2 ஃபவுலில் இருப்பவர் மேசைக்கு வரும்போது அவரை எச்சரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது ஃபவுல் இரண்டாவதாகவே எண்ணப்படும். ஒரு ஃபவுலை அடுத்த ஷாட்டுக்கு முன் சொல்லாவிட்டால், அது நடக்கவே இல்லை என்று பொருள்.

சந்தேகமான ஷாட் வருகிறது என்றால் ஆட்டத்தை நிறுத்தி, "ஒரு நிமிஷம், யாராவது வந்து பாருங்க" என்று நடுநிலையான ஒருவரைக் கூப்பிடும் உரிமை உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு. கூப்பிடாமல் விட்டுவிட்டுப் பிறகு சண்டை போட்டால், சந்தேகத்தின் பலன் அடித்தவருக்கே போவதுதான் பரவலான நடைமுறை.

யார் இழக்கிறார்கள்?

விதி எழுதப்படாத இடத்தில் தீர்ப்பு சத்தமாகப் பேசுபவர் பக்கம் போகும். அல்லது பார்லர் ஓனரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழைய கஸ்டமர் பக்கம். எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் முதல் முறை வந்தவரும், நண்பர் கூட்டம் இல்லாமல் தனியாக வந்த பெண்ணும் வாதாடாமல் விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் இருப்பார்கள்.

இதைச் சரிசெய்யச் செலவு ஒரு பேப்பர்தான். நீங்கள் நடத்தினாலும், ஆடப் போனாலும் இந்த 5 கேள்விகளுக்கு ஆட்டத்துக்கு முன் பதில் வாங்குங்கள்:

1. எந்த விதிப்புத்தகம்?
2. எந்தப் பந்தைத் தொட்டாலும் ஃபவுலா, வெள்ளைப் பந்து மட்டுமா?
3. ஃபவுல் ஆனால் வெள்ளைப் பந்தை எங்கே வைக்கலாம்?
4. பிரேக்கில் 8 அல்லது 9 விழுந்தால் என்ன?
5. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாவிட்டால் கடைசி வார்த்தை யாருடையது?

ஐந்தாவதுதான் முக்கியம். அந்த நபர் அன்றைய போட்டியில் ஆடாதவராக இருக்க வேண்டும். அவர் சில நேரம் தவறாகவும் தீர்ப்பு சொல்லலாம். ஆனால் யார் சொன்னால் முடிவு என்பது முதலிலேயே தெரிந்திருந்தால், தோற்றவரும் கை கொடுத்துவிட்டுப் போக முடியும்.