அம்மாவின் மருந்துக் கல்

சென்ற இதழில் பிரசவ லேகியம் கிளறும் பக்குவத்தை எழுதியிருந்தேன் அல்லவா? "யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். வேறு யாரிடம்? அம்மாவிடம்தான். அவள் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் நெய் பிரிகிற வாசனை வந்தால் பின்னால் நின்று, "அடுப்பைத் தணிச்சுக்கோடி" என்று சொல்வது போலவே இருக்கும்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. அப்பா போனபோது அம்மாவுக்கு 39 வயது, நாங்கள் நாலு பேர். எப்படி ஆளாக்கினாள் என்று எழுத இந்தப் பக்கம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1992 மகாமகத்துக்கு வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள். குளம் கூப்பிடு தூரம். அம்மா மட்டும் போகவில்லை. "இத்தனை பேருக்கு யாரு வடிச்சுக் கொட்டறது? நீங்க முழுகினா நான் முழுகின மாதிரி." நெரிசலில் பலர் இறந்துபோனார்கள் என்று செய்தி வந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியவள், கடைசிப் பேரன் வரும்வரை நகரவில்லை. ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள்.

எங்களில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் எழும்பூர் ஸ்டேஷனில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவாள். சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் துணி முடிச்சுகளில். அடியில், பழைய வேட்டித் துண்டில் சுற்றி, உரை மருந்துக் கல். நடுவே குழிந்து போன கல் அது. தலைக்குக் குளிப்பாட்டிய அன்று கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுட்ட வசம்பு எல்லாவற்றையும் அதில் ஓரிரு சுற்று இழைத்து, தாய்ப்பாலில் கலந்து, பாலாடையில் ஊட்டுவாள். நாங்கள் நாலு பேரும், எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரும் அந்தக் கல்லைத் தாண்டி வந்தவர்கள்தான்.

2006-ல் என் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அம்மாவுக்கு அப்போது 76. குழந்தை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர்கூட வேண்டாம். வசம்பு, ஜாதிக்காய் எதுவும் நாக்கில் படக்கூடாது. சின்ன உடம்பு தாங்காது."

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் மென்று முழுங்கினேன். மூன்றாம் நாள் அவள் கல்லை எடுத்துக் கழுவும்போது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "அந்தக் காலத்திலே நாங்க பிள்ளை வளர்க்கலையா?" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கல்லைத் துடைத்தாள், பழையபடி துணியில் சுற்றினாள். "படிச்சவா சொன்னா காரணம் இருக்கும். குழந்தை விஷயம். சரி, நான் வேற என்ன செய்யலாம்னு கேட்டுண்டு வா" என்றாள்.

குழந்தை விஷயம் என்றதும் எழுபது வருஷப் பழக்கத்தை ஒரு நிமிஷத்தில் விட்டவள், தன் விஷயத்தில் டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். 2009-ல் ஒரு நாள் விடியற்காலை, கோலப்பொடி டப்பாவைக் கையில் எடுத்தவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் சாமான்களை ஒழுங்கு செய்தபோது அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பல்பொடி டப்பா. திறந்தால், பாதிப் பாதியாக உடைத்த மாத்திரைகள். எண்ணக்கூட மனசு வரவில்லை.

"ஏம்மா?" என்று டப்பாவை நீட்டினேன். இடது கையை லேசாக ஆட்டினாள். காசை மிச்சம் பிடிக்கத்தானா, உடம்புக்கு ஒன்றும் தெரியாதபோது முழுசு எதற்கு என்றா? எனக்குப் புரியவில்லை. தலை சுற்றவில்லை, வலிக்கவில்லை என்பதால் கொதிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே வேலை செய்யும், மாத்திரையை நாமாகக் குறைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். லேகியத்துக்கு மிளகை எண்ணிப் போடத் தெரிந்த எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

பிறகு பதினாலு மாதம் இருந்தாள். நான்தான் சாதம் ஊட்டுவேன். முதல் கவளத்துக்கு வாயைத் திறக்க மாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாலு நாள் கழித்துத்தான் விளங்கியது. "நான் சாப்பிட்டாச்சும்மா, எல்லாரும் சாப்பிட்டாச்சு" என்றேன். உடனே வாய் திறந்தது. தினமும் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் ஊட்டினேன்.

கல் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. எனக்கும் கொதிப்பு வந்துவிட்டது. ராத்திரி எட்டரைக்கு என் பெண் போன் செய்வாள். குசலம் எல்லாம் அப்புறம்தான்.

"முழு மாத்திரையா போட்டுண்டியாம்மா?"

சில நாள், போனைக் கீழே வைக்காமலே போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.