ஒப்பந்தம் வெறும் காகிதமா?

கட்டடத்தின் டிஜிட்டல் மாதிரி, அதாவது பி.ஐ.எம்., மென்பொருளின் வலிமையால் பரவுகிறது, ஒப்பந்தமோ வக்கீல்களின் காகிதம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அதற்குச் சாட்சியாக அவர் கூண்டில் ஏற்றுவது பிரிட்டனை. அந்தச் சாட்சி அவருக்கு எதிராகவே பேசுகிறது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பி.ஐ.எம். மென்பொருளான ரெவிட் 2000-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. மத்திய அரசுப் பணிகளுக்கு 2016-க்குள் முப்பரிமாண மாதிரி கட்டாயம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்ததோ 2011-இல். மென்பொருளே போதுமென்றால் அரசு எதற்காகக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது?

அடுத்து, ஒப்பந்த நிபந்தனைகள் நம்பிக்கையைக் கொல்லுமாம், நல்ல சகாக்கள் தாமாகவே பகிர்ந்துகொள்வார்களாம். ஃபாக்லாந்து தீவுகளின் மின்நிலையப் பணியில் டிரான்ட் நிறுவனத்துக்கும் வடிவமைப்பாளரான மாட் மெக்டொனால்டுக்கும் கட்டணத் தகராறு முற்றியபோது, வடிவமைப்புக் கோப்புகளைப் பகிரும் பொதுத் தரவுத் தளத்தின் கடவுச்சொற்கள் முடக்கப்பட்டன. எந்த நிபந்தனைகள் தங்களைக் கட்டுப்படுத்துகின்றன என்பதிலேயே இருவரும் முரண்பட்டு நின்றார்கள். 2017-இல் அந்தப் பூட்டைத் திறந்தது சகோதர பாசமா, நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவா?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது, மாதிரி இருந்தும் கட்டுமான இடத்தில் அதைத் திறக்காத பொறியாளர்களைச் 'சோம்பேறிகள்' என்று அவர் ஏசுவது. பிரிட்டனின் கட்டுமானத் தொழில் கவுன்சில் 2013-இல் வெளியிட்ட பி.ஐ.எம். நெறிமுறையையாவது அவர் படித்திருக்க வேண்டும்: தான் தரும் மின்னணுத் தரவின் நம்பகத்தன்மைக்கு உத்தரவாதம் இல்லை என்று தருபவர் கைகழுவ அதிலேயே வழி இருந்தது. தந்தவரே பொறுப்பேற்காத கோப்பை நம்பிக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டு, நாளை இடித்துக் கட்டும் செலவைத் தன் தலையில் சுமக்க எந்தப் பொறியாளருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? கையெழுத்திட்ட வரைபடத்தைப் பொறியாளர் தேடிப் போவது பழமைவாதமல்ல, ஒப்பந்தத்தைச் சரியாகப் படித்ததன் விளைவு. காகிதம் என்று கட்டுரையாளர் ஒதுக்குவதுதான் அங்கே ஒவ்வொரு கையையும் ஆட்டுவிக்கிறது.

பழியைப் பொறியாளரின் திறமைக்குறைவில் போட்டுவிட்டால் பயிற்சியும் உரிமமும் விற்பவருக்கு லாபம், பொறுப்பிலிருந்து நழுவ விரும்பும் வடிவமைப்பாளருக்கு நிம்மதி. இந்த இருவரைத் தவிர வேறு யாருக்கு இந்த வாதம் உதவும்? 2017-இல் வந்த என்.இ.சி.4 கட்டுமான ஒப்பந்தத்தின் எக்ஸ்10 விருப்பப் பிரிவு, மாதிரித் தகவல் யாருக்குச் சொந்தம், அதில் பிழை வந்தால் யார் பொறுப்பு என்று வரையறுக்கிறது. அதில் எந்த வரியை நீக்கினால் மாதிரியின் பயன்பாடு கூடும் என்பதைக் கட்டுரையாளர் காட்டட்டும்.