உடற்கல்விப் பாடவேளையைப் பறிக்கலாமா?

தேர்வு நெருங்கிவிட்டால் பல பள்ளிகளில் முதலில் பறிபோவது உடற்கல்விப் பாடவேளைதான். அந்த நேரம் கணிதத்திற்கோ அறிவியலுக்கோ கைமாறுகிறது. தேர்வு முடிந்ததும் சேர்த்து விளையாடிக்கொள்ளலாம் என்று பெற்றோர் சிலர் சமாதானமும் சொல்கின்றனர். இந்தக் கணக்கு உடலுக்குப் பொருந்தாது.

இரத்த நாளங்களின் உட்புறத்தில் உயிரணுக்கள் ஒரே அடுக்காகப் படர்ந்துள்ளன. நெடுங்காலமாக இதனை வெறும் உட்பூச்சு என்றே கருதிவந்தனர். உண்மையில் அது ஓயாது இயங்கும் தொழிற்சாலை. மாணவன் ஒருவன் திடலைச் சுற்றி ஓடும்போது இரத்தம் விரைந்து பாய்ந்து அச்சுவரை உரசுகிறது. அந்த உரசலை உணரும் உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கின்றன, நாளம் விரிகிறது. இவ்வாயுவின் பணியைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். அதே வேளையில், உழைக்கும் தசையில் உயிர்வளி குறைகிறது. அதனால் தசையும் நாளச்சுவரும் வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன. பயிற்சி வாரக்கணக்கில் தொடர்ந்தால், இவற்றின் தூண்டுதலால் தசைக்குள் புதிய நுண்நாளங்கள் கிளைக்கின்றன.

நைட்ரிக் ஆக்சைடு சில வினாடிகளே நிலைத்திருக்கும். அதைச் சேமித்து வைக்க இயலாது. நுண்நாளங்களும் ஒரே நாள் ஓட்டத்தில் முளைப்பவை அல்ல. அப்படியிருக்க, ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டு விடுமுறையில் ஈடுகட்டுவது எப்படி?

இலண்டன் பேருந்து ஊழியர்களை ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, 1953இல் முடிவுகளை வெளியிட்டார். மாடிப் பேருந்துகளில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே பணியாற்றிய ஓட்டுநர்களிடம் இதயநோய் மிகுந்திருந்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருத்த உடலினராய் இருந்தனரோ என்ற ஐயமும் பின்னர் எழுந்தது; அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும், பிற்கால ஆய்வுகள் பலவும் உடலுழைப்பின் பக்கமே சாய்ந்தன. அந்த நடத்துநர்கள் செய்தது கடும்பயிற்சி அன்று. நாள் தவறாத படியேற்றம்!

பதின்ம வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரத்தில் ஓரிரு பாடவேளைகள் அதற்குப் போதா. மதிப்பெண்ணைப் பற்றிய பெற்றோரின் கவலை பொய்யன்று. கூடுதல் வகுப்பு தேவையென்றால் அதற்கு வேறு நேரம் தேடட்டும். தேர்வு மாதத்திலும் திடல் பூட்டப்படாதிருக்கட்டும்.