வரவுப் பக்கம் எங்கே?

எங்கள் பெரிய முதலியார்சாவடிக்கு ஒரு விசேஷம் உண்டு. தெற்கே கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் புதுச்சேரி. வடக்கே பொம்மையார்பாளையத்தைத் தாண்டினால் காலாப்பட்டு. அதுவும் புதுச்சேரியைச் சேர்ந்ததே. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட நாங்கள் மட்டும் தமிழ்நாட்டுப் பிரஜைகள். ஆகையால் தேர்தல் காலம் வந்துவிட்டால் இரண்டு சட்டசபைகளுக்கு நிற்பவர்களின் வாக்குறுதிகளும் எங்கள் காதில் விழும். ஒலிபெருக்கி எல்லைக் கல்லைப் பார்த்தா நிற்கிறது?

அந்தச் சமயத்தில் வீதியில் வீசப்படும் நோட்டீசுகளை நான் எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். அரசியல் ஆசையினால் அல்ல. பெருக்கல் கணக்குப் போதிப்பதற்கு அவற்றைப் போன்ற பாடபுஸ்தகம் வேறு கிடையாது. கடைசியில் வரும் பூஜ்யங்களை எண்ணுவதில் பையன்களுக்கு ஒரே குதூகலம்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்பில் 2021-ம் வருஷத்து நோட்டீசுகள் இரண்டை எடுத்துக்கொண்டேன். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது தி.மு.க.வின் அறிக்கை. மாதம் 1,500 ரூபாய், அதற்கு மேல் வருஷத்துக்கு ஆறு எரிவாயு உருளைகள் என்றது அ.தி.மு.க.வின் அறிக்கை. தமிழ்நாட்டில் ரேஷன் கார்டுகள் இரண்டு கோடிக்கு மேல். கார்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால், முதல் வாக்குறுதிக்கு வருஷத்துக்கு 24,000 கோடி ரூபாய் வேண்டும். இரண்டாவதற்கு உருளை நீங்கலாகவே 36,000 கோடி. வகுப்பு முழுவதும் சரியாகவே விடை எழுதியிருந்தது. ஒரு சிறுமி மட்டும் பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, ஒரு புறம் 'வரவு' என்றும் மறு புறம் 'செலவு' என்றும் தலைப்பிட்டிருந்தாள். அவள் தாயார் மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருகிறவர். கூலிக் கணக்கு எழுதிக் கொடுப்பது இந்தப் பெண்தான். செலவுப் பக்கத்தில் 36,000 கோடியை எழுதிவிட்டு, "ஸார், இந்தப் பக்கத்திலே என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். விடை தெரியாத உபாத்தியாயர்கள் தப்பித்துக்கொள்ளும் சந்து அது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

அந்த வரவுப் பக்கத்தை ஒளிக்காமல் எழுதிக் காட்டியவர்கள் நம் நாட்டில் ஒருவரும் இருந்ததில்லையா? இருந்திருக்கிறார்கள். 1930 ஏப்ரலில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை புகுந்த ராஜாஜி, 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். மதுவிலக்குக் காங்கிரஸின் வாக்குறுதி. ஆனால் மாகாண ஸர்க்காரின் வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கள் சாராயக் கடைகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு நாலு தூண் என்றால் ஒரு தூணை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னது போலத்தான். 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில் தொடங்கினார். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று ஜில்லா ஜில்லாவாக விஸ்தரித்தார். ஒரே நாளில் மாகாணம் முழுவதையும் மூடிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் உள்ளதைப் பார்த்து அடி வைத்திருக்கிறார்.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். 1939-ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பெட்ரோல் விற்பனைக்கும், புகையிலைக்கும், நாடகம் சினிமா முதலிய கேளிக்கைகளுக்கும் அதே வருஷம் வரி விதித்தார்கள். வியாபாரிகள் கூக்குரலிட்டார்கள், இடாமல் என்ன செய்வார்கள்? அந்த வரி ஏழையைத் தொடாத வரி என்று நான் வாதிக்க வரவில்லை. கடைக்காரர் கட்டுகிற வரி கடைசியில் வாங்குகிறவன் மடியிலிருந்துதான் அவிழ்கிறது. ஆயினும் இந்தச் செலவுக்கு இந்த வரவு என்று நாலு பேர் அறியச் சொல்லப்பட்டது. பிடிக்காதவர்கள் எதிர்த்துப் பேசுவதற்கு ஒரு பொருள் கண்ணெதிரே இருந்தது.

உப்பு வரியின் கதையும் ஏறக்குறைய அப்படியே. 1930-ல் ஒரு மணங்கு உப்புக்கு ஒன்றேகால் ரூபாய் வரி. அதை ஒழிப்போம் என்று நாடு முழுவதும் சொல்லியாகிவிட்டது. 1947 பிப்ரவரியில் இடைக்கால ஸர்க்காரின் நிதி மந்திரி லியாகத் அலி கான் அதை எடுத்தார். பற்றாக்குறையுள்ள பட்ஜெட்டில் எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் மேலும் துண்டு விழுந்தது. அதே கையோடு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வியாபார லாபத்தில் நூற்றுக்கு 25 வரி என்றும் சொன்னார். ஆலை முதலாளிகள் கொதித்தெழுந்து அதை 16⅔ ஆகக் குறைக்கச் செய்தார்கள் என்பது வேறு விஷயம். உப்பு வாங்குகிறவனிடம் விட்டது யாரிடம் பிடிக்கப்படும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

ராஜாஜியின் கணக்குக்குப் பின்னால் நேர்ந்ததுதான் வேடிக்கை. 1939 அக்டோபரில் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. யுத்த காலத்தில் கவர்னரின் ஆட்சியில் மதுவிலக்குக் கைவிடப்பட்டது. விற்பனை வரி மாத்திரம் நின்றது! 1948 அக்டோபர் 2-ம் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971-ல் போயிற்று, 1974-ல் மறுபடி வந்தது, 1981-ல் மறுபடி போயிற்று. மறு வருஷம் சத்துணவுத் திட்டம் விரிவாயிற்று. அந்த உணவை ஊதாரித்தனம் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தினமும் பார்க்கிற நான் அந்தக் கட்சியில் சேரமாட்டேன். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது; 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. விற்பனை வரியோ 2007-ல் மதிப்புக் கூட்டு வரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரும்பாலான சரக்குகள் அதற்குள் போய்விட்டன. மதுபானமும் பெட்ரோலும் போகவில்லை.

2023-24-ம் வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். மதுபானத்தினால் தமிழ்நாட்டு அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அதில் ஆயத்தீர்வை சுமார் 10,800 கோடிதான். மற்ற 35,000 கோடியும் மதிப்புக் கூட்டு வரி. கள்ளுப் பணத்துக்குப் பதிலாக வேண்டுமென்று ராஜாஜி நட்ட செடி வளர்ந்து, இன்று அந்தப் பணத்தையே காய்த்துத் தருகிறது! மாநிலம் தானே விதித்துத் தண்டும் வரிகளின் மொத்தத்தில் இந்த 45,855 கோடி நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அன்றைய கணக்கு மாகாணத்தின் மொத்த வருமானத்தைக் கொண்டது, இன்றையது மாநிலத்தின் சொந்த வரியை மட்டும் கொண்டது என்ற வித்தியாசம் உண்டு. ஆனாலும் பழைய தூண் பழைய இடத்தில்தான் நிற்கிறது.

வாக்குறுதிகள் மட்டும் வளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. 1967-ல் அண்ணாதுரை, ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். சென்னையிலும் கோயமுத்தூரிலும் ஒரு படி கொடுத்துப் பார்த்தார். கஜானா அதற்கு மேல் இடங்கொடுக்கவில்லை. லட்சியம் என்றும் நிச்சயம் என்றும் பிரித்துச் சொன்ன அந்த நாணயம் எனக்குப் பிடிக்கும். 2006-ல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. அதைப் பற்றிய வழக்குச் சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. 2013 ஜூலை 5-ம் தேதி வந்த தீர்ப்பு, தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்களிப்பது சட்டப்படி முறைகேடாகாது என்றது. ஆனால் தேர்தல் கமிஷன் இதற்கு நெறிமுறை வகுக்கட்டும் என்றும் சொன்னது. கமிஷனும் வகுத்தது. வாக்குறுதிக்கான நியாயத்தையும், அதற்குரிய பணம் வரும் வழியையும் அறிக்கையில் பொதுப்படையாகக் குறிப்பிட வேண்டுமாம். 'பொதுப்படையாக' என்ற அந்த வாசல் வழியே கோயில் யானையே நுழைந்து போகலாம். 2022 அக்டோபரில், செலவு இவ்வளவு, வரவு இந்த வழியில் என்று நிரப்பிக் கொடுப்பதற்கு ஒரு படிவத்தையே தயாரித்துக் கட்சிகளின் அபிப்பிராயத்தைக் கமிஷன் கேட்டது. எங்கள் ஏழாம் வகுப்புப் பெண் கிழித்த கோடு போன்றதுதான் அது.

2016-ல் நடந்ததை மறக்க முடியாது. பெரிய கட்சிகள் இரண்டுமே மதுவிலக்கு என்றன. ஒன்று படிப்படியாக என்றது. மற்றது முழுமையாக என்றது. அதே அறிக்கைகளில் கொடைகளுக்கும் குறைவில்லை. தூணை எடுப்பதாகவும் மாடி கட்டுவதாகவும் ஒரே காகிதத்தில் அச்சிட்டார்கள். ஜெயித்த கட்சி பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவிட்டது. பிறகு வந்த ஆட்சி 2023 ஜூனில் இன்னொரு 500 கடைகளை மூடியது. வருமானம் குறைந்ததா? 2015-16-ல் 26,000 கோடியை ஒட்டி இருந்தது, எட்டு வருஷத்தில் 45,855 கோடியாயிற்று. கடை குறைந்தது, விலை ஏறிற்று, குடிப்பவர்கள் இன்னும் சற்றுத் தூரம் நடந்தார்கள்.

புது வரியைச் சொல்ல எந்தக் கட்சிக்கும் மனம் வராது. ஜி.எஸ்.டி.க்குப் பிறகு மாநில மந்திரி ஒருவர் தாமாக முறுக்கக்கூடிய திருகுகளும் சொற்பம்: மது, பெட்ரோல், பத்திரப் பதிவு, வாகனம், மின்சாரம். ஆகவே எஞ்சுவது கடன். 2021 ஆகஸ்டில் நிதி மந்திரி பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொல்லிற்று. கடன் எல்லாமே கெடுதல் என்று சொல்லமாட்டேன். துறைமுகத்துக்கும் அணைக்கும் வாங்கிய கடன் வேறு, மாதச் செலவுக்கு வாங்கிய கடன் வேறு. எங்கள் ஊர் வலைக்காரர்களுக்கே அந்த வித்தியாசம் தெரியும். படகுக்கு வாங்குவார்கள், படையலுக்கு வாங்க யோசிப்பார்கள்.

கடைசியில் 1,000 ரூபாய் வந்தது, 2023 செப்டம்பர் 15-ம் தேதி முதல். ஆனால் நோட்டீசில் காணாத நிபந்தனைகள் சில கூடவே வந்தன. குடும்பத்தின் வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நஞ்சை ஐந்து ஏக்கருக்கு மேல் கூடாது. மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் அடங்க வேண்டும். இரண்டு கோடி கார்டுகளில், அப்போது ஒரு கோடியே ஆறு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பெண்களுக்குக் கிடைத்தது. வருஷத்துக்குச் சுமார் 12,700 கோடி. நிபந்தனைகள் நியாயமானவை என்பதே என் அபிப்பிராயம். தேர்தலுக்கு முன்பே அவற்றைச் சொல்லியிருந்தால் 24,000 கோடி என்ற கணக்கு எங்கள் வகுப்புக்கே வந்திராது.

மறுநாள் இவ்வளவையும் சுருக்கி அந்தப் பெண்ணின் நோட்டில் வரவுப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறாள் போலும். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், மரக்காணம் பஸ்ஸுக்காகச் சாலையோரத்தில் நின்ற அவள் தாயார் என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"கடையை மூடிட்டா இந்த ஆயிரம் நின்னு போயிடுமா, ஸார்?"

அவர் கணவர் குடிப்பவர் என்பது ஊரறிந்த விஷயம். சாதாரணக் குவார்ட்டர் பாட்டில் 140 ரூபாய் என்றால் ஏழு பாட்டிலுக்கு 980. ஆயிரத்தில் இருபது ரூபாய் மிச்சம். புதுச்சேரியில் விலை குறைவாகையால் எங்கள் ஊரில் இன்னும் ஒன்றிரண்டு கூட வரும். இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பமும் அவருக்குத் தெரியும். 2023 மே மாதம் அங்கே விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது அரசு. அதுவும் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.

"அம்மா, கடைப் பணம் 45,000 கோடிக்கு மேல். உங்களைப் போன்றவர்களுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுப்பது அதில் கால் பங்குக்குச் சற்று மேல். கடையை மூடினால் ஆயிரத்தை நிறுத்தினாலும் போதாது. இன்னும் 33,000 கோடிக்கு வேறு வழி தேட வேண்டும். ஆயிரத்தையும் கொடுத்துக் கடையையும் மூடுவதானால், எந்த வரியை யார்மேல் போடுவோம் என்று ஓட்டுக் கேட்கிறவர் முன்னாலேயே சொல்ல வேண்டும்" என்றேன்.

"எங்க மேல போடுவாங்களா?"

"விற்பனை வரி மாதிரி போட்டால் உங்கள் மேலும் விழும். லாபத்தின் மேல் போட்டால் விழாது. ஆனால் அது மாநில அரசின் கையில் இல்லை."

அவர் சற்று நேரம் யோசித்தார். "எவ்வளவு விழும்னு சொன்னாங்கன்னா, நாங்களே கூட்டிக் கழிச்சுப் பார்த்துக்குவோம், ஸார். ஆயிரம் எவ்வளவு, கடை இல்லாட்டி மிஞ்சுறது எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

பஸ் வந்துவிட்டது. வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கவேண்டும் என்று சொல்லி ஏறிப் போய்விட்டார்.