பல்லுக்குக் கம்பி போடலாம், ஆனா ஈ.எம்.ஐ. வேண்டாம்

இருபத்தேழு வயசுல பல்லுக்குக் கம்பியான்னு சிரிக்கிறவங்களை விடுங்க. ஈறும் எலும்பும் நல்லா இருந்தா எந்த வயசிலும் போடலாம். நம்ம கேள்வி காசு பத்தினது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல வேலை பார்க்கிற பலர் 'மதுரையிலதான் பெரிய டாக்டர்'னு கிளம்புறாங்க. ஆனா கம்பி என்பது ஒன்றரை, ரெண்டு வருஷ வேலை. ஏறத்தாழ மாசம் ஒரு தடவை போய் இறுக்கிக்கணும். சம்பளம் 25,000ன்னா ஒரு நாள் லீவு சுமார் 830 ரூபாய். 24 தடவைக்கு 20,000 பக்கம், பஸ் செலவு தனி. பல் சீரமைப்புல எம்.டி.எஸ். முடிச்சவர் நம்ம ஊர் கிளினிக்குக்கு எந்தக் கிழமை வர்றார்னு முதல்ல விசாரிங்க. டூட்டி முடிஞ்சு சாயங்காலம் போயிட்டு வந்துடலாம்.

அடுத்தது 'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.'. கடன் கொடுக்கிற கம்பெனி முழுத்தொகையையும் கிளினிக்குக்கு முதல்லயே கட்டிடும். எட்டாவது மாசம் உங்களுக்குக் கோயம்புத்தூர் டிரான்ஸ்ஃபர் வந்தா? பாதியில எடுத்துக்க புது டாக்டர் தயங்குவார், எடுத்தாலும் தனி ஃபீஸ். இங்க ஈ.எம்.ஐ. ஓடிக்கிட்டே இருக்கும், கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் அடி வாங்கும். அதனால முதல்ல அட்வான்ஸ், மீதி ஒவ்வொரு விசிட்டுக்கும்னு பேசுங்க. ஒத்துக்கிற டாக்டர்கள் நிறைய பேர் இருக்காங்க.

இன்சூரன்ஸை நம்பாதீங்க. பெரும்பாலான பாலிசிகளில் விபத்தில் அடிபட்டால்தான் பல்லுக்குக் கவர். கம்பி கழட்டினப்புறம் போடுற ரீட்டெய்னருக்கான காசும் மொத்தத் தொகையில சேர்த்தியான்னு எழுதி வாங்கிக்கோங்க. அதைப் போடாம விட்டா பல் பழைய இடத்துக்கே நகர ஆரம்பிச்சிடும், போட்ட பணத்தோட.

பால்கோவா சாப்பிடலாம், உடனே பிரஷ் பண்ணிடுங்க. கடலைமிட்டாய்க்கு மட்டும் ரெண்டு வருஷம் லீவு.