மீட்டாகிவிட்டது, இனி யார் பார்த்துக்கொள்வது?

2014 ஆகஸ்டில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் டியேகோவை அடுத்த விஸ்டா பகுதியில் ஒரு சின்சில்லா பண்ணை கைமாறியது. சின்சில்லா என்ற கொறிவிலங்கை ரோமத்துக்காக வளர்த்த பண்ணை. வாங்கியவர் சாம் சைமன். ‘தி சிம்ப்சன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர். அப்போது அவர் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்தார். விலங்குரிமை அமைப்பான பீட்டாவுடன் சேர்ந்து பண்ணையை விலைக்கு வாங்கி, இழுத்து மூடினார். உள்ளே இருந்த 400க்கும் மேற்பட்ட சின்சில்லாக்கள் உயிர் தப்பின. அடுத்த மார்ச்சில் சைமன் காலமானார்.

பத்திரிகைகளுக்குச் செய்தி அதோடு முடிந்தது. தப்பிய விலங்குகளுக்கு அப்படி முடியவில்லை. நன்றாக வளர்த்தால் ஒரு சின்சில்லா 10 முதல் 20 ஆண்டு வரை இருக்கும். காப்பகம் வழியாக அவற்றுக்கு வீடு தேட வேண்டும். இப்படித் தத்தெடுக்க வருகிறவர்களில் பலர் நாயும் பூனையும் வளர்த்திருப்பார்கள், மிஞ்சிப்போனால் ஒரு கினிப்பன்றி. சின்சில்லாவைப் படத்தில் பார்த்ததோடு சரி. அவர்களை நம்பித்தான் மீட்பின் மீதிப் பாதி நடக்கிறது. அந்தப் பாதியில் பெரும்பங்கு, செய்யத் தோன்றுவதைச் செய்யாமல் இருப்பதுதான்.

இந்த விலங்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இது புரியும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில், பாறை இடுக்குகளில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த கொறிவிலங்கு இது. வறண்ட காற்று, நடுங்கும் இரவு, காய்ந்த புல். இந்தக் குளிரைத் தாங்கத்தான் அந்த ரோமம். மனிதத் தலையில் ஒரு மயிர்க்காலிலிருந்து ஒன்றிரண்டு முடி வளரும்; சின்சில்லாவின் ஒரே மயிர்க்காலிலிருந்து 60 வரை வளர்கிறது. அதுவே அதற்கு எமனாகவும் ஆனது. ஒரு முழுநீளக் கோட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலியிலிருந்து தோல்கள் லட்சக்கணக்கில் கப்பலேறின. 1910இல் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா நான்கும் சேர்ந்து வேட்டைக்குத் தடை போட்டபோது, காப்பாற்ற மிச்சமிருந்தவை சொற்பம். இன்றும் காட்டுச் சின்சில்லா இனங்கள் இரண்டும் அழிவின் விளிம்பில்தான் இருக்கின்றன.

வீடுகளில் வளர்பவை வேறு கிளை. சிலியின் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஆட்களை வைத்து மலை மலையாகத் தேடி, 1923இல் 11 சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு சேர்த்தார். மலையிலிருந்து சமவெளிக்கு ஒரேயடியாக இறக்கினால் செத்துவிடும் என்று மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறக்கினார். கப்பல் பயணத்தில் கூண்டுகளைப் பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்தார். அமெரிக்காவில் இன்று வளர்ப்பில் உள்ள சின்சில்லாக்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பதினொன்றின் வழி வந்தவை. ரோம வியாபாரம் பண்ண வந்த மனிதருக்கே முதலில் புரிந்தது வெப்பம்தான். செல்லமாக வளர்க்க வருகிறவர்கள் அதைக் கடைசியில் கற்றுக்கொள்கிறார்கள் என்பது வேடிக்கையாக இல்லை.

சின்சில்லாவுக்கு வியர்க்காது. அந்த அடர்ந்த ரோமத்துக்குள் ஏறிய சூடு எளிதில் வெளியேறவும் செய்யாது. 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். 25ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். அதற்கு மேலும் ஏறினால் வெப்பத் தாக்கில் சில மணி நேரத்தில் இறந்துவிடலாம். மின்விசிறி போட்டால் போதும் என்று நினைப்பது மனித அனுபவம். நம் வியர்வையைக் காற்று உலர்த்துவதால் நமக்குக் குளிர்கிறது, வியர்வையே இல்லாத உடலுக்கு வெறும் காற்றால் என்ன பயன்? காதுமடல் சிவந்து ரத்தநாளங்கள் புடைத்துத் தெரிவது, பக்கவாட்டில் சரிந்து படுத்து மூச்சு வாங்குவது, இந்த இரண்டையும் கண்டால் குளிர்ந்த அறைக்கு மாற்றிவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். பதற்றத்தில் ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

தண்ணீரே கூடாது என்பதுதான் பலருக்கு நம்ப முடியாத சேதி. நனைந்த ரோமம் அடிவரை காய்வதற்கு வெகுநேரமாகும். அதற்குள் உடல் சில்லிட்டுப் போகலாம், தோலில் பூஞ்சை பிடிக்கலாம். எரிமலைச் சாம்பலிலிருந்தும் நுரைக்கல்லிலிருந்தும் அரைத்த, மாவைப் போன்ற தூளில் புரள்வதுதான் அதன் குளியல். ஆற்று மணலும் கடற்கரை மணலும் ரோமத்தை முறித்துவிடும். கனமான கண்ணாடிச் சாடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தூளைக் கொட்டிக் கூண்டுக்குள் வைத்தால் போதும். முதலில் மீசை துடிக்க முகர்ந்து பார்க்கும். முன்னங்கால்களால் இரண்டு முறை பறிக்கும். பிறகு திடீரெனச் சுருண்டு, பக்கவாட்டில் கண் தொடர முடியாத வேகத்தில் உருளும். நின்று உதறும்போது அறையே மங்கலாகும். பத்து, பதினைந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. முடிந்ததும் சாடியை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அதிலேயே சிறுநீர் கழிக்கும், கண்ணும் தோலும் வறண்டுபோகும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், இந்தத் தூளை யோசித்துவிட்டுத்தான் தத்தெடுப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

பண்ணையிலிருந்து வந்த சின்சில்லாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. ரோமப் பண்ணைகளில் ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்ற கணக்கில், வரிசைக் கூண்டுகளுக்குப் பின்னால் ஆண் போய்வர ஒரு சுரங்கவழி வைத்திருப்பார்கள். பெண்கள் அதற்குள் நுழைய முடியாதபடி கழுத்தில் ஒரு பட்டை மாட்டியிருக்கும். பிறந்ததிலிருந்து கம்பித் தரை. ஓடவோ குதிக்கவோ இடமில்லை. மனிதக் கை என்றால் பிடிப்பதற்கு வரும் கை. அப்படி வளர்ந்த விலங்கை முதல் நாளே மடியில் வைத்துக் கொஞ்ச ஆசைப்பட்டால் அது என்ன செய்யும்? பிடித்த இடத்து ரோமத்தைக் கொத்தாகக் கையிலேயே விட்டுவிட்டு ஓடும். வேட்டை விலங்கின் வாயிலிருந்து தப்ப இயற்கை கொடுத்த உபாயம் அது. விலாவை இறுக்கிப் பிடித்தால் எலும்பு முறியவும் கூடும்.

முதல் சில வாரம் கூண்டை வீட்டின் அமைதியான, குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டு, பகலில் தூங்க விடுவதே நல்லது. அது அந்தியில் எழுந்து இரவெல்லாம் விழித்திருக்கும் விலங்கு. குழந்தைகள் பள்ளிவிட்டு வரும் நேரம் அதற்கு நடுநிசி. சாயங்காலம் கூண்டுக்கதவைத் திறந்து, உள்ளங்கையை மேல்நோக்கித் தரையில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பது ஒரு வழி. அது வந்து முகரும், விரலை மெல்லக் கவ்விப் பார்க்கும், போய்விடும். என்றைக்காவது ஏறி உட்காரலாம். பல மாதம் கழித்தும் ஏறாமலே போகலாம். ஏறாத சின்சில்லாவையும் அதே அக்கறையோடு பதினைந்து ஆண்டு பார்த்துக்கொள்ள முடியுமா என்பதுதான் தத்தெடுப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சாப்பாட்டு விஷயத்தில் அன்பு இன்னும் ஆபத்தானது. உலர்ந்த திமோத்தி புல் நாள் முழுக்கக் கூண்டில் இருக்க வேண்டும். கூடவே தினமும் ஓரிரு மேசைக்கரண்டி சின்சில்லா பெல்லட் என்ற குறுணைத் தீவனம், குடிக்கச் சுத்தமான தண்ணீர். அவ்வளவுதான். காய்ந்த திராட்சை, வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, பழத்துண்டு எல்லாவற்றையும் இரு கைகளால் வாங்கி அழகாகத் தின்னும். கைபேசியில் சுற்றிவரும் காணொளிகளில் பாதி அந்தக் காட்சிதான். ஆனால் காய்ந்த மலைப்புல்லுக்குப் பழகிய குடல் அது. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தால் வாயு கட்டும், குடல் இயக்கமே நின்றுபோகும். வாந்தி எடுக்கவும் சின்சில்லாவால் முடியாது. அரை நாள் எதையும் தொடவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்கான நேரம், நாளை பார்ப்போம் என்பதற்கு இடமில்லை. காப்பகத்தில் எந்த பெல்லட் கொடுத்தார்களோ அதையே முதலில் தொடர்ந்து, புதியதை மெல்லக் கலந்து மாற்றுவது பாதுகாப்பு.

புல் வயிற்றுக்கு மட்டுமல்ல, பல்லுக்கும் வேண்டும். சின்சில்லாவின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முரட்டுப் புல்லை மணிக்கணக்கில் அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவாக நிற்கின்றன. முன்பற்கள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருப்பதைப் பார்த்து முதல்முறை வளர்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். ஆரோக்கியமான நிறமே அதுதான், வெளுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தாடை ஈரமாக இருப்பது, வாயில் போட்டதைத் தவறவிடுவது, ஒரு கண்ணில் நீர் வடிவது எல்லாம் பல்நோயின் அடையாளங்கள். பல்லின் வேர் தாடைக்குள் வளர்ந்திருந்தால் எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

இவ்வளவையும் அந்த ரோமம் மூடி மறைத்துவிடும் என்பது கூடுதல் சிக்கல். உள்ளே எலும்பும் தோலுமாக ஆகியிருந்தாலும் வெளியே பஞ்சுப்பந்தாகவே தெரியும். அதனால் சமையலறையில் இருக்கிற சிறிய டிஜிட்டல் தராசு, விலை உயர்ந்த கூண்டைவிடப் பயனுள்ளது. வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், ஒரு டப்பாவில் வைத்து எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எந்த மருத்துவர் என்பதுதான் அடுத்த சங்கடம். நாய், பூனைக்குச் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் போன்ற ஆண்டிபயாடிக் மருந்தை வாய்வழி கொடுத்தால், சின்சில்லாவின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் அழிந்து, விலங்கே இறந்துபோகலாம். ஆகவே கொறிவிலங்குகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் எங்கே இருக்கிறார், இரவில் கிடைப்பாரா என்று விசாரித்துவிட்டுத்தான் கூண்டு வாங்கக் கிளம்ப வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பெண் சின்சில்லா என்று சொல்லித் தந்தது ஆணாக இருப்பதும் உண்டு, இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு அவ்வளவு குறைவு. கூட்டத்திலிருந்து மீட்ட பெண் என்றால் கருவுற்றிருக்கவும் வாய்ப்புண்டு. கர்ப்பகாலம் 111 நாள். அந்தக் கெடு முடியும்வரை ஜோடி சேர்க்கும் பேச்சே வேண்டாம்.

இத்தனையும் தெரிந்துதான் கொடுக்கிறார்களா என்றால், எல்லா இடத்திலும் அப்படிச் சொல்ல முடியாது. பெரிய மீட்பு நடந்த வாரத்தில் காப்பகம் நிரம்பி வழியும். தொலைக்காட்சியில் பார்த்த உருக்கத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எங்கேயாவது போய்ச் சேர்ந்தால் போதும் என்ற மனநிலை வந்துவிடும். ரோமப் பண்ணையிலிருந்து காப்பாற்றிய உயிர் கோடையில் ஒரு வரவேற்பறையில் வெந்து சாவதை எந்தக் கணக்கில் எழுதுவது? வீட்டின் வெப்பநிலை என்ன, மருத்துவர் யார், அடுத்த பதினைந்து வருடத்தில் வீடு மாறினால் என்ன ஏற்பாடு என்று கேட்டு, பதில் சரியில்லை என்றால் மறுத்து அனுப்பும் காப்பகமே தன் வேலையைச் செய்கிறது. மறுக்கப்பட்டவர் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

நம்மூருக்கு வருவோம். வெளிநாட்டுச் செல்லப்பிராணி வியாபாரத்தில் இந்தியாவிலும் சின்சில்லா கைமாறுகிறது. வளர்ப்போர் கடைப்பிடிக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 150ஐத் தாண்டக் கூடாது. சென்னையில் மே மாத இரவு ஒன்றில் 30 டிகிரி செல்சியஸ், அதாவது 86 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 70 சதவீதம். கூட்டினால் 156. இது நள்ளிரவுக் கணக்கு, பகலைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆண்டில் பெரும்பகுதி இருபத்து நான்கு மணி நேரமும் ஏ.சி. ஓட வேண்டும். கோடை மதியம் மின்சாரம் போய், வீட்டில் ஆளில்லை என்றால் கதை முடிந்தது. இன்வெர்ட்டர் ஏ.சி.யை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் சின்சில்லா வாங்க வேண்டாம், யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். குளிர்நாட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் கேட்டு அடம்பிடித்தால், கடைக்குப் போகாமல் காப்பகத்துக்குப் போங்கள். அங்கே போய் எடைக் குறிப்பையும், பல் பரிசோதித்த தேதியையும், இப்போது தின்னும் பெல்லட்டின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் விலங்கை மட்டும் பெட்டியில் போட்டுக் கொடுத்தால், வாங்காமல் திரும்பி வாருங்கள்.